அடுத்து நிற்பவரின் பெயர்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தொன்று. இது கொஞ்சம் தலைகீழான ஏற்பாடுதான். இருவருக்கும் அதில் வருத்தம் இல்லாததால் நமக்கும் வேண்டாம்.

கரடிச்சோலை மலையின் அடிவாரத்தில், மலைக்கு இணைய லைன் கொடுக்கும் ஒரு கேபிள் கம்பெனியின் சுவிட்ச் அறை இருந்தது. சுவிட்ச் என்றால் விளக்குப் போடுகிறது இல்லை, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி. அதன் பொறுப்பாளர் பல்கீஸ். கடையநல்லூர்க்காரர். யார் எது கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டார். எதையாவது செய்து காட்டுவார், இல்லையென்றால் திருப்பி ஒரு கேள்வி கேட்பார். எரிச்சல் தாங்காமல் உடன் வேலை செய்தவர்கள் 'குரு' என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

சீடர் தவசிமுத்து, இருபது வருடம் அந்த மலையில் கம்பம் ஏறி ஃபைபர் இழுத்தவர். அறுந்ததை ஒட்டியவர். முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும், "உள் வேலை கத்துக்கிடுதேன் மேடம்" என்று வந்து உட்கார்ந்தார். தான் இழுத்த இழைக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாமலே இருபது வருடம் போனதில் அவருக்கு வெட்கம் இருந்தது.

அவர் மனைவி சுயம்புக்கனி மலை உச்சியில், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமை இறங்கி வருவார். திங்கட்கிழமை ஏறிவிடுவார்.

மலையில் கரண்ட் போவது சாதாரணம். அந்த நாட்களில் கனி மாலை நாலு மணிக்கு ஜெனரேட்டரைப் போடுவார். தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜுக்காக. அஞ்சு மணிக்கு அணைத்துவிடுவார்.

"இன்னும் பத்து நிமிசம் விடேன், பேசிக்கிட்டுத்தான இருக்கோம்" என்பார் தவசிமுத்து போனில்.

"டீசலை ஒங்க அப்பாவா தலைச்சுமையா ஏத்துவாரு? அஞ்சுன்னா அஞ்சு."

ஆஸ்பத்திரி போனும் அந்த ஜெனரேட்டரில்தான் ஓடும், பாதிப் பேச்சில் லைன் போய்விடும். கனி கீழே வந்திருக்கும் சனி, ஞாயிறுகளில் கம்பவுண்டர் ஏழு மணிவரை ஓட்டுவான். திங்கட்கிழமை கனியிடம் திட்டு வாங்குவான். கனி மேலே இருக்கும் நாட்களில், பதினோரு வருடமாக அந்த அஞ்சு மணியை யாராலும் ஒரு நிமிடம்கூட நகர்த்த முடியவில்லை.

இனி, சீடர் கேட்ட முதல் கேள்வி.

"மேடம், எஸ்டேட் சுவிட்ச் ரெண்டு இருக்குல்ல. ஒண்ணு இந்த அறையில, அவங்க வாடகைக்கு எடுத்த அலமாரியில. இன்னொண்ணு மேல ஆஸ்பத்திரி மருந்து ரூம்ல."

"ஆமா."

"கீழ உள்ளதுகிட்ட, ஒனக்கு அடுத்து யாரு நிக்கான்னு கேட்டா, மேல உள்ளதோட பேரைச் சொல்லுது. முப்பத்தாறு கிலோமீட்டர் மேடம். நடுவுல நம்ம பெட்டி இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு நிக்கி. நம்ம பேரையே சொல்லலியே?"

குரு ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அவர் கையில் கொடுத்தார். உறைமேல் 'அடுத்து நிற்பவருக்கு' என்று இருந்தது. தவசிமுத்து சுற்றிலும் பார்த்தார். அறையில் வேறு யாருமில்லை. பிரித்தார்.

'நான் கரடிச்சோலை. நீங்கள் யார்?' என்று உள்ளே எழுதியிருந்தது.

"ஏன் பிரிச்சீங்க, அண்ணாச்சி?"

"அடுத்து நிக்கிறவருக்குன்னு போட்டிருக்கு. நான்தான நிக்கேன்?"

"மலைமேல போகவேண்டிய கடுதாசி. ஒங்க கையோட நின்னு போச்சு."

இன்னொரு உறை எழுதினார். அதே விலாசம். ஆனால் இம்முறை விலாசத்தின்மேல் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, அதில் 'கடத்துக' என்று மட்டும் எழுதினார். தவசிமுத்து அதைப் பிரிக்கவில்லை.

"இங்க உள்ள நம்ம பெட்டி சீட்டு ஒட்டுது. மலைக்குப் போற பெரிய டிரங்க் லைன்ல பஞ்சாயத்து ஆபீஸ் பேச்சு, பேங்க் பேச்சு எல்லாத்தோடயும் சேர்ந்து இதுவும் போவுது. வழியில யாரும் தொடமாட்டாங்க. மேல உள்ள நம்ம பெட்டி சீட்டைக் கிழிச்சுட்டு நீட்டிரும். வாங்குதவருக்கு நடுவுல நாம இருந்ததே தெரியாது."

தவசிமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை.

"அப்ப நாம எங்கதான் மேடம் இருக்கோம்?"

"கடுதாசி போய்ச் சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சு."

"அங்கதான்."

அன்றைக்கு அவர் வேறு இரண்டு விஷயங்களும் கற்றுக்கொண்டார். ஒரு சுவிட்ச் நிமிடத்துக்கு ஒருமுறை 'நான் இன்னார்' என்று குரல் கொடுக்கும். அடுத்ததன் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நூற்றெண்பது நொடி எழுதப்படும். எண் இறங்கிக்கொண்டே வரும். மறுபடி குரல் வந்தால் மறுபடி நூற்றெண்பது. மூன்று நிமிடம் குரல் இல்லையென்றால் பெயர் அழிந்துவிடும்.

இன்னொன்று, எஸ்டேட்டின் கம்ப்யூட்டர் ஆள் ஒரு சோம்பேறி. மேல் சுவிட்சில் செய்ததை அப்படியே நகலெடுத்துக் கீழ் சுவிட்சிலும் ஏற்றியிருந்தான். இரண்டுக்கும் ஒரே பெயர், கரடிச்சோலை. லைன் செருக வரிசையாக இருபத்து நாலு துளை இருந்தும் இரண்டிலும் அதே முதல் துளையில்தான் லைன். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் மாற்றவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மலைப்பாதையின் பதினாறாம் வளைவுக்கு மேலே மலை சரிந்தது. கரண்ட் போனது. டவர் விழுந்தது. பாதை இருந்த இடத்தில் செம்மண் ஓடியது. எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் நூறு பேர், ஆஸ்பத்திரியில் கனி, கம்பவுண்டர், ஒரு காவலாளி, நான்கு நோயாளிகள். யாரைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை.

அன்று மதியம் தவசிமுத்து யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பதினாலாம் வளைவுவரை ஏறினார். அங்கே கம்பெனியின் ஜாயிண்ட் கொட்டகை இருக்கிறது. கீழிருந்து வரும் இழையும் மேலே போகும் இழையும் சேர்கிற இடம். அதற்குமேல் கம்பங்கள் காட்டுக்குள் போகின்றன. அரை மணி நேரம் அங்கே ஏதோ செய்திருப்பார். மலை மறுபடி உறுமியது. வனத்துறைக்காரர்கள் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

நனைந்த உடம்போடு அறைக்குள் வந்தவர் நேராக எஸ்டேட் அலமாரிக்குப் போனார். திரையில் தட்டிக் கேட்டார். ஒனக்கு அடுத்து யாரு?

கரடிச்சோலை. நூற்று நாற்பத்திரண்டு நொடி.

"மேடம்! இருக்கு! மேல இருக்கு!"

அவர் அழுதார். குருவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாசில்தாருக்குப் போன் போட்டது தவசிமுத்துதான். மேலே ஆஸ்பத்திரிக் கட்டிடம் நிற்கிறது, கரண்ட்கூட இருக்கிறது, சுவிட்ச் பேசுகிறது என்றார். தாசில்தாரிடம் இருந்தது பன்னிரண்டு பேர் கொண்ட ஒரே மீட்புக்குழு. அப்படியானால் ஆஸ்பத்திரி கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் குழுவை லயன் வீடுகள் பக்கம் திருப்பினார்.

புதன் போனது. வியாழன் போனது. மழையில் மற்ற ஊழியர்களால் வர முடியவில்லை. அறையில் குருவும் சீடரும் மட்டும்.

தவசிமுத்து ஒரு முக்காலியை அலமாரிக்கு முன்னால் போட்டுக்கொண்டார். நிமிடத்துக்கு ஒருமுறை எண் நூற்றெண்பதுக்குத் தாவும். தாவும்போதெல்லாம் அவர் தலையை ஆட்டுவார். வியாழக்கிழமை காலையில் அதோடு பேச ஆரம்பித்தார்.

"சாப்டியா?"

நூற்றெண்பது.

"கால் வலி எப்படி இருக்கு?"

நூற்றெண்பது.

குரு தன் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட அது தவறவில்லை. அறுபது நொடி, அறுபது நொடி, அறுபது நொடி. ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏன் என்று அவருக்கே பிடிபடவில்லை. மதியம் டீ போட எழுந்தவர் பாதி வழியில் நின்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேட்டார்.

"அண்ணாச்சி, மேல கரண்ட் எப்படி வருது?"

"பேட்டரி இருக்கும் மேடம்."

"அந்த பேட்டரி செத்து ரெண்டு வருசமாச்சு. ஒங்களுக்கே தெரியும்."

"ஜெனரேட்டர் ஓடும்."

"மூணு நாளா?"

"ஓடும்."

"ராப்பகலா?"

தவசிமுத்து திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒங்க வீட்டம்மா அப்படி ஓட்டுவாங்களா, அண்ணாச்சி?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.  மூன்று நாளாக அந்தக் கேள்வி தவசிமுத்துவுக்குள்ளேயும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதன்மேல்தான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு செய்வோம்" என்றார் குரு. "கீழ உள்ள சுவிட்சுக்குப் பேரை மாத்துங்க."

"இதுக்கா? எஸ்டேட்காரங்க..."

"நான் சொல்லிக்கிடுதேன். மாத்துங்க."

"என்ன பேரு வைக்க?"

"ஒங்க பேரை வையுங்க."

தவசிமுத்து ஒற்றை விரலால் தட்டினார். கீழ் சுவிட்சின் பெயர் தவசி ஆயிற்று.

"இப்ப அடுத்து நிக்கிறது யாருன்னு கேளுங்க."

கரடிச்சோலை. நூற்றிருபத்தாறு.

"பாத்தீங்களா மேடம், கரடிச்சோலைதான. மேல உள்ளது மேலயே..."

"ஒரு நிமிசம் பொறுங்க."

நூற்றிருபத்து நான்கு. நூற்றிருபத்து மூன்று. இருவரும் நின்றுகொண்டே பார்த்தார்கள். கீழ் சுவிட்ச் குரல் கொடுக்கிற நேரம் வந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

பட்டியலில் புதிதாக ஒரு வரி வந்தது.

தவசி. நூற்றெண்பது.

அதற்கு மேலே கரடிச்சோலையின் எண் ஏறவில்லை. இறங்கிக்கொண்டே போனது. நூறு. எண்பது. நாற்பது. அழிந்தது. முப்பத்தாறு கிலோமீட்டருக்கு அப்பால், மண்சரிவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, 'நான் தவசி, நான் தவசி' என்று நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

தவசிமுத்து முக்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார்.

"என்ன மேடம் இது? என் பேரை யாரு சொல்லுதா?"

குரு திரும்பி அவரைப் பார்த்தார்.

"செவ்வாக்கிழமை பதினாலாம் வளைவுல என்ன செஞ்சீங்க?"

அறுந்த லைன் எதுவரை நன்றாக இருக்கிறது என்று பார்க்க, லைன்மேன்கள் ஒன்று செய்வார்கள். கைக்கெட்டிய இடத்தில், போகிற இழையையும் வருகிற இழையையும் ஒரு சாண் நீளத் துண்டால் இணைத்துவிடுவார்கள். கீழிருந்து போன வெளிச்சம் அங்கேயே வளைந்து கீழே திரும்பிவிடும். லூப் என்பார்கள். பார்த்து முடித்ததும் கழற்றவேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை ஆயிரம் முறை சொல்லிக்கொடுத்தவரே தவசிமுத்துதான்.

 

"லூப் போட்டேன்" என்றார்.

"கழட்டினீங்களா?"

"மலை உறுமிச்சு. அவங்க இழுத்தாங்க."

"ம்."

"இங்க வந்தேன். பேரு இருந்துச்சு. கனி இருக்கான்னு நெனச்சேன். லூப் நெனப்பே வரல மேடம். சத்தியமா வரல."

"கீழ இருந்து போன கடுதாசி லூப்ல திரும்பி வருது. நம்ம பெட்டிக்கு என்ன தெரியும்? மேலேருந்து வந்துச்சுன்னு நெனச்சு, சீட்டைக் கிழிச்சு, பழையபடி நீட்டிருது."

"அப்ப மூணு நாளா நான் பேசுனது..."



தாசில்தாருக்கு மறுபடி போன் போட்டதும் தவசிமுத்துதான். குரு போட்டுத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். நடந்ததைச் சொன்னார்.  அந்தப் பக்கத்திலிருந்து நல்ல வசவு கேட்டது. அவர் அதை முழுதும் வாங்கிக்கொண்டார்.

"இப்ப அங்க ஆள் இருக்கா, இல்லையா?" என்றார் தாசில்தார்.

"தெரியாதுங்கய்யா."

"லயன் வீட்டுலேருந்து ஆஸ்பத்திரிக்குப் போற பாதை பூரா தொங்கிக்கிட்டு நிக்கி. ஆள் இல்லாத இடத்துக்குப் பன்னெண்டு பிள்ளைகளை அனுப்ப என்னால ஆகாது. சாயந்தரம் ஆறு மணிக்குள்ள ஏதாவது ஒரு அடையாளம் காட்டுங்க. நாளைக் காலையில அனுப்புதேன். இல்லன்னா மழை விடட்டும்."

போனை வைத்துவிட்டுத் தவசிமுத்து அலமாரிக்கு முன்னால் வந்து நின்றார். திரையில் அவர் பெயர் தாவிக்கொண்டிருந்தது.

"லூப்பைக் கழட்டி, மேல போற இழையோட சேக்கணும்" என்றார் குரு. "மேல் இழை உசிரோட இருக்கான்னு அப்பத்தான் தெரியும். நீங்க லூப் போட்டதுலேருந்து மேல உள்ளது என்ன சொன்னாலும் நமக்கு வந்திருக்காது."

தவசிமுத்து நகரவில்லை.

"அண்ணாச்சி?"

"இது பொய்யின்னு தெரியுது மேடம். தெரிஞ்சாலும், இது ஒண்ணு பேசிக்கிட்டு இருக்குல்ல. கழட்டிட்டா..." அவர் திரையைத் தொட்டார். "கழட்டின பொறவு ஒண்ணுமே வரலன்னா?"

குரு எழுந்து வந்தார். திரையை அணைத்தார். நம் கதையில் அவர் கோபப்பட்ட இடம் இது ஒன்றுதான். கோபம் என்றும் சொல்லிவிட முடியாது.

"வரலன்னா, அந்த மௌனமாவது அவங்களோடதா இருக்கும்."

தவசிமுத்து பையை எடுத்தார்.

வனத்துறையினர் இரண்டு வாக்கிடாக்கி கொடுத்தார்கள். ஒன்று அறையில், ஒன்று அவர் தோளில். ஒரு வனக்காவலர் துணைக்கு வந்தார். வலிக்கிற முழங்காலோடு பதினாலாம் வளைவை எட்டும்போது மூன்று மணியாகிவிட்டது. கொட்டகைக்குள் கணுக்கால் வரை தண்ணீர். பெட்டியைத் திறந்தார். அந்த ஒரு சாண் மஞ்சள் துண்டு, போட்டது போட்டபடி வளைந்து கிடந்தது.

"மேடம், கழட்டப் போறேன்."

"சரி."

"கழட்டிட்டேன்."

"ம்."

"பட்டியல்ல என்ன இருக்கு?"

"தவசி. நூத்தி அறுபது."

மூன்று நிமிடத்தில் அழியப்போகிற தன் பெயரை அவர் கேட்டுக்கொண்டே வேலை செய்தார். மேல் இழையின் முனையைத் துடைத்தார். செருகினார். "எழுபது" என்றது வாக்கிடாக்கி. "முப்பத்தஞ்சு." காவலர் ஈரப் பீடியைப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து."

"போச்சா மேடம்?"

"போச்சு, அண்ணாச்சி. ஒண்ணுமில்ல. காலி."

மூன்று மணி இருபத்தாறு நிமிடம். அவர் கொட்டகை வாசலில் ஒரு கல்மேல் உட்கார்ந்தார். மூன்று நாளில் அவரைச் சுற்றி முதல்முறையாக ஒன்றும் இல்லை. மேலே பனிமூட்டத்துக்குள் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் போய் மறைந்தன. எத்தனையாவது கம்பம் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தார். ஆஸ்பத்திரி ஓட்டுக்கூரை கண்ணில் வந்தது. அதை எண்ணவில்லை.

நாலு மணி.

"மேடம்?"

"காலி."

நாலு ஒன்று. நாலு இரண்டு. காவலர் ஏதோ ஆறுதல் சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிப் போனார். நாலு மூன்று. பழைய சுவிட்ச் ஒன்று கரண்ட் வந்ததும் உடனே பேசாது, எழுந்து நிற்க நாலைந்து நிமிடம் ஆகும் என்று தவசிமுத்துவுக்குத் தெரியும். தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நாலு ஐந்து.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"அண்ணாச்சி."

"சொல்லுங்க."

"ஒரு பேரு வந்திருக்கு."

அவரால் கேட்க முடியவில்லை. கேட்டார்.

"என் பேரா?"

"இல்ல. கரடிச்சோலை. நூத்தி எண்பது."

அவர் கல்லிலிருந்து இறங்கித் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். குரு தாசில்தாரிடம் பேசுவது வாக்கிடாக்கி வழியே அரைகுறையாகக் கேட்டது. இல்லைங்கய்யா, இது எதிரொலி இல்ல. எங்க சுவிட்ச் பேரு இப்ப வேற. ஆமாங்கய்யா, பேட்டரி செத்து ரெண்டு வருசமாச்சு. ஜெனரேட்டர்தான். தானா ஓடாதுங்கய்யா, கை வச்சு இழுக்கணும்.

பிறகு குருவின் குரல் தெளிவாக வந்தது.

"காலையில ஆறு மணிக்குக் குழு கிளம்புது, அண்ணாச்சி. நீங்க இறங்கி வாங்க. இருட்டுறதுக்குள்ள வரணும்."

"மேடம்."

"ம்."

"ஜெனரேட்டரைப் போட்டது யாருன்னு சொல்லுமா அது?"

"சொல்லாது."

"கம்பவுண்டருக்கும் போடத் தெரியும். காவக்காரனுக்கும் தெரியும்."

"ஆமா."

"செவ்வா, புதன், வியாழன். மூணு நாளும் நாலு மணிக்குப் போட்டிருக்கும். கூப்பிட்டிருக்கும். நான் முக்காலியில உக்காந்து என் பேச்சையே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

 

"இன்னும் ஒரு மணி நேரம் இங்கனயே இருந்துக்கிடுதேன் மேடம்."

காவலர் தலையில் அடித்துக்கொண்டார். குரு, "இருங்க" என்றார்.

அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்று தவசிமுத்து பிறகு யாரிடமும் சொன்னதில்லை. வாக்கிடாக்கியைக் காதோடு வைத்திருந்தார். குரு கால் மணிக்கு ஒருமுறை, "இருக்கு" என்பார். வேறெதுவும் பேசவில்லை. நாலே முக்காலுக்குக் கேட்ட 'இருக்கு' அவருக்கு இனித்தது. மணி நாலு ஐம்பத்தெட்டு ஆனபோது அந்தச் சொல்லைக் கேட்கவே அவருக்குப் பயமாக இருந்தது. ஏழு மணிவரை ஓடிவிட்டால், போட்டது கம்பவுண்டர் என்று ஆகிவிடாதா? அவர் சாமி கும்பிடுகிறவர். ஆனால் இன்ன வரம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத பிரார்த்தனையாக இருந்தது அது. பேச்சு நிற்கட்டும் என்று எந்த மனிதன் கேட்பான்?

"மேடம், எண்ணைச் சொல்லிக்கிட்டே வாங்க."

"நூத்தி அம்பது."

குரல் வந்துகொண்டிருக்கும்வரை அந்த எண் நூற்றிருபதுக்குக் கீழே போகாது. அதற்குள் மறுபடி தாவிவிடும்.

"நூத்தி முப்பது."

மழை நின்றிருந்தது. இலைகள் மட்டும் சொட்டின.

"நூத்தி இருபது."



"நூத்திப் பத்தொம்பது."

தவசிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நூறு. எண்பது. அம்பது." எண்களுக்கு நடுவில் குரு மூச்சு வாங்குவது கேட்டது. "இருபது. அஞ்சு."



"அண்ணாச்சி, பேரு போயிருச்சு."

 காவலர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீரில் உட்கார்ந்திருந்த மனிதர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார், அல்லது அழுதுகொண்டிருந்தார்.

"மணி என்ன மேடம்?"

"அஞ்சு மூணு" என்றார் குரு. "மூணைக் கழிச்சுக்கிடுங்க, அண்ணாச்சி."